எந்தக் கணக்கு வரவில்லை என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வந்ததும் எங்கள் பெரம்பூர் பகுதியில் உள்ள பெற்றோர் சிலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவது வழக்கம். சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், எந்தப் பட்டப்படிப்பில் சேர்க்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்பார்கள். இந்த ஆண்டு வந்தவர்களில் பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “இவளுக்குக் கணக்கு வராது, மேடம். கணக்கே இல்லாத சயின்ஸ் டிகிரி ஏதாவது இருக்கிறதா?” அவர்களுக்கு நான் சொன்ன பதிலைத் தங்கள் நாளிதழ் வாயிலாக மற்றப் பெற்றோருக்கும், முக்கியமாகக் கல்லூரி நிர்வாகத்தினருக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

கணக்கே இல்லாத அறிவியல் பட்டப்படிப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் இயற்பியலுக்கு வேண்டிய கணக்கு வேறு, வேதியியலுக்கு வேண்டியது வேறு, விலங்கியலுக்கும் உளவியலுக்கும் வேண்டியது வேறு. எனவே, கணக்கு வராது என்று சொல்லும் பிள்ளையிடம் எந்தக் கணக்கு வரவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். என்னிடம் வந்த பெற்றோரில் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை.

பிளஸ் 2 கணிதத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அணிகள், கலப்பெண்கள், நேர்மாறு முக்கோணவியல், பகுமுறை வடிவியல், வெக்டர், நுண்கணிதம், நிகழ்தகவு என்று பாடத்திட்டத்தில் 12 அத்தியாயங்கள் உள்ளன. ஒரு பிள்ளை 50 மதிப்பெண் வாங்கினால், அது எந்த அத்தியாயத்தில் விட்டதால் வந்த 50 என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்வதில்லை. நீள்வட்டத்திலும் பரவளையத்திலும் தடுமாறியவரும், நுண்கணிதத்தின் அடிப்படையே பிடிபடாதவரும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான். வேதியியல் வகுப்பில் வந்து உட்காரும்போது இருவரும் ஒன்றல்ல. முன்னவருக்கு நீள்வட்டத்தால் அங்கு பெரிய இடையூறு நேராது. பின்னவரோ வேதிவினைகளின் வேகத்தைக் கணக்கிடும் வினைவேகவியல் பாடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார். வேதியியல் பட்டப்படிப்புக்கு அன்றாடம் வேண்டியவை விகிதம், அடுக்குகள், மடக்கை, நேர்கோட்டின் சாய்வு, எளிய வகையிடல், எளிய தொகையிடல் ஆகியவையே. குவாண்டம் வேதியியல் வரும்போது இன்னும் சற்று வேண்டும். அதற்குள் இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும். கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு மாணவியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் அவளைப் போலக் கைப்பக்குவம் உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிப்பெட்டில் 20 மி.லி. கரைசல் எடுத்து, அளவுக் குழாயான பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் அந்த ஒரு சொட்டில் குழாயைத் திருகி நிறுத்திவிடுவாள். உடன் படித்தவர்களின் குடுவைகள் அடர்ந்த ஊதாவாகிவிடும். அவளுக்கோ மூன்று முறை செய்தால் மூன்று அளவீடுகளும் ஒத்துப்போகும். அதே பெண், கணக்கீட்டுக்கு லாக் (மடக்கை) புத்தகத்தைத் திறந்ததும் வெலவெலத்துப் போவாள். வீட்டில், தவறான படிப்பில் சேர்ந்துவிட்டோம் என்று அழுதிருக்கிறாள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு அவளை ஆய்வகத்தில் இருக்கச் சொல்லி, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. குடுவையில் விட்டுக் குறிவரை நீர் நிரப்பச் சொன்னேன். அதிலிருந்து 10 மி.லி. எடுத்து இன்னொரு குடுவையில் மீண்டும் அவ்வாறே செய்யச் சொன்னேன். பிறகு மூன்று கரைசல்களையும் அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பிஹெச் மீட்டரில் அளந்தாள். ஏறத்தாழ 1, 2, 3 என்று வந்தது. சற்று நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், “பத்து மடங்கு நீர்த்துப்போகும்போதெல்லாம் ஒன்றுதான் கூடுகிறது. இதைத்தான் லாக் என்கிறார்களா, மேம்?” என்று கேட்டாள். பள்ளியிலிருந்து விதிகளாக மட்டுமே மனப்பாடம் செய்துவந்த ஒன்று, அன்று அவள் கண் முன்னே கண்ணாடிக் குடுவையில் இருந்தது. அதன் பிறகு அவள் கணிதத்தில் பிழையே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அலைடு (துணைப்பாட) கணிதத்தில் ஒரு அரியர் வைத்து, மறுமுறை எழுதித்தான் தேறினாள். ஆனால் பயந்து விலகவில்லை. இன்று ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நீரின் கடினத்தன்மையை அளக்கும் வேலையில் இருக்கிறாள். நாள்தோறும் பியூரெட்டைப் பிடிக்கிறாள். முதல் பருவத்திலேயே அவளை யாராவது வேறு படிப்புக்கு மாற்றியிருந்தால் அந்தக் கை வீணாகியிருக்கும்.

கணக்குக்குப் பயந்து தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் போகும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு இன்னும் கவலை அதிகம். உயிரியலில் கணக்கு இல்லை என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். மரபியல் வகுப்பில், அந்தத் துறைக்கு அடித்தளமிட்ட மெண்டல் வருவார். பட்டாணியில் உருண்டை விதைகள் 5,474, சுருங்கிய விதைகள் 1,850 என்று அவர் ஒவ்வொன்றாக எண்ணியதால்தான் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் புலப்பட்டது. அந்த எண்ணிக்கை எதிர்பார்த்த விகிதத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கக் கை-வர்க்கச் சோதனை (chi-square test) என்ற புள்ளியியல் சோதனை வேண்டும். அதற்குத்தான் உயிரிப் புள்ளியியல் என்று ஒரு தாளே வைத்திருக்கிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்த ஜானகி அம்மாள், பின்னாளில் ஆங்கிலேய உயிரியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பும் எண்ணிக்கைகளால் ஆனதே. நுண்ணுயிரியலில், பத்து லட்சம் மடங்கு நீர்த்த மாதிரியில் 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் பரப்பி 42 நுண்ணுயிர்க் கூட்டங்கள் வளர்ந்தால் மூல மாதிரியில் ஒரு மி.லி.க்கு எத்தனை என்று சொல்லத் தெரிய வேண்டும். உயிர்வேதியியலில் நொதியின் வேகத்தையும் வினைப்பொருளின் செறிவையும் தலைகீழாக்கி (1/வேகம், 1/செறிவு) வரைபடமாக்கினால், பத்தாம் வகுப்பில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடுதான் வந்து நிற்கும். உளவியலிலும் புள்ளியியல் உண்டு. இவை எதுவும் கடினமான கணிதம் அல்ல. பெருக்கலும் வகுத்தலும் நிதானமும் போதும். ஆனால் கணக்கே இருக்காது என்று நம்பி வந்த பிள்ளை, மூன்றாம் பருவத்திலோ நான்காம் பருவத்திலோ அந்தத் தாளைப் பார்த்ததும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறது. அந்த நினைப்புத்தான் அரியரில் கொண்டுபோய் விடுகிறது.

இயற்பியலைப் பொறுத்தவரை பெற்றோருக்கு இதமாகச் சொல்ல என்னால் இயலாது. முறையான கணிதப் பயிற்சி இல்லாத மைக்கேல் ஃபாரடே 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார் என்பதைச் சிலர் ஆறுதலாகச் சொல்வதுண்டு. அது உண்மைதான். ஆனால் ஃபாரடேயின் கண்டுபிடிப்புகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் சமன்பாடுகளாக்கிய பிறகு, இன்றைய வகுப்பறையில் அந்தப் பாடம் மேக்ஸ்வெல்லின் மொழியில்தான் நடக்கிறது. வகைக்கெழுச் சமன்பாடுகளோடும் வெக்டரோடும் நாள்தோறும் பழக மனமில்லாத பிள்ளை இயற்பியலில் சேர வேண்டாம். மனம் இருந்து மதிப்பெண் மட்டும் குறைந்திருந்தால், கல்லூரி திறக்கும் வரையுள்ள நாள்களில் நுண்கணித அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தேர்வு பயம் இல்லாமல் மெதுவாக ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். அப்போது பிடிபடுகிறதா என்பதே மதிப்பெண் பட்டியலைவிட நம்பத்தக்க விடை.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்குக்கு அஞ்சிப் பிளஸ் 1-இல் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்பை எடுத்தால், பெரும்பாலான பொறியியல் படிப்புகளுக்கும், பல கல்லூரிகளில் இயற்பியல், கணினி அறிவியல் பட்டங்களுக்கும் வழி அடைபடுகிறது. 15 வயதில் அந்த முடிவை எடுக்கும் முன் பள்ளியின் கணித ஆசிரியரிடம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுங்கள்.

கல்லூரிகளிடம் என் வேண்டுகோள் இரண்டு. நான் பணியாற்றிய கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டில் ஒவ்வொரு பட்டத்துக்கும் தகுதி, கட்டணம், இட எண்ணிக்கை எல்லாம் அச்சிட்டிருக்கும். எந்தப் பருவத்தில் என்ன கணிதம் வரும் என்று ஒரு வரிகூட இருக்காது. அதைச் சேர்க்கச் சொல்லித் துறைக் கூட்டத்தில் நான் பலமுறை கேட்டும் நடக்கவில்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறை. அலைடு தாளின் பெயரை மட்டும் போடாமல், அதில் உள்ள கணிதத் தலைப்புகளையும், மேஜர் (முதன்மைப் பாட) தாள்களில் அவை பயன்படும் இடங்களையும் பருவவாரியாக ஒரே பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டால் போதும். சேர்க்கை நாளில் வரிசையில் நிற்கும் தாய்க்கும் மகளுக்கும் அந்த ஒரு பக்கம் போல உதவக்கூடியது வேறில்லை.

இரண்டாவது, முதல் பருவம் தொடங்கியதும் முதல் மூன்று வாரங்களில் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்தந்தத் துறைக்கு வேண்டிய கணக்கை மட்டும் அந்தத் துறையின் ஆசிரியரே ஆய்வகத்தில் வைத்துக் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கணிதத் துறைக்கு அனுப்பிவைத்தால் மீண்டும் பிளஸ் 2 புத்தகமே திறக்கப்படும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களில் என்னைப் போன்றவர்கள் இதற்கு ஊதியம் எதிர்பாராமல் வரவும் ஆயத்தமாக இருக்கிறோம். அருகில் உள்ள எந்தக் கல்லூரி அழைத்தாலும் செல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியை,
பெரம்பூர், சென்னை-11.