தையல் கடை வாசலில் கிடந்த கறுப்புப் பைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முந்திய வாரம் இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்துத் தையல் கடை வாசலில் நான்கு பெரிய கறுப்புப் பைகள் குப்பை லாரிக்காகக் கிடந்தன. ஒன்றின் வாய் அவிழ்ந்திருந்ததால் எட்டிப் பார்த்தேன். அத்தனையும் வெட்டுத் துணி. ரவிக்கை வெட்டிய மிச்சம், பாவாடை ஓரம், உள்ளே கொடுக்கிற வெள்ளை லைனிங், முழங்கை நீளத்துக்கு நல்ல காட்டன் கூட இருந்தது. கடைக்காரரைக் கேட்டதற்கு, "எடுத்துக்கோங்கம்மா, யாரும் கேட்கிறதே இல்லை" என்றார். யாரும் கேட்பதில்லை என்ற அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்து லயத்து வீட்டில் தையல் மிஷின் கிடையாது, கை ஊசிதான். பால் கறை பிடித்து விறைத்துப்போன வேலை உடுப்பைத் தவிர வேறு எந்தத் துணியையும் அம்மா தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. நைந்த சேலைகளை மூன்றாக அடுக்கி, தரையில் விரித்து, நான்கு மூலையிலும் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு நடுவிலிருந்து நூலோட்டிக்கொண்டே வருவார், நூல் தீர்ந்துபோனால் அந்தச் சேலையின் கரையிலிருந்தே உருவிக்கொள்வார். வங்காளத்தில் இதே மாதிரி வேலைக்குக் காந்தா என்று பெயர், அங்கேயும் பழைய சேலையும் கரை நூலும்தான். இன்று அதை வெளிநாட்டில் நல்ல காசு கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தனியாக ஒரு பெயர் கூட இல்லை, வெறும் போர்வைதான், மழைக்காலத்து விடியற்காலையில் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கின சுகம் வேறு எதிலும் வரவில்லை.

சரி, பிறகு ஏன் விட்டுவிட்டோம்? ஜப்பான்காரன் காலத்தில், 1942இலிருந்து 1945 வரை, துணியே கிடைக்காமல் சாக்கை வெட்டித் தைத்து உடுத்தின கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒட்டுப் போட்ட துணி என்றாலே நம் ஆட்களுக்கு அந்தப் பஞ்சம் ஞாபகம் வந்துவிடுகிறது போலும். போன மாதம் பேரனின் பள்ளிச் சிலுவார், அதாவது கால்சட்டை, முட்டியில் கிழிந்தது. அதே கருநீலத்தில் உள்பக்கம் துண்டு வைத்து, வெளியே தெரியாத மாதிரி தைத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் பையனின் முன்னாலேயே, "புதுசு வாங்கித் தர முடியலையா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் பையன் அதைப் போட மாட்டேன் என்கிறான். கிழிந்ததைத் தைக்கத் தெரிவது ஒரு கைவேலை, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

என் மலாய்க்கார அண்டை வீட்டு மக்சிக் (அத்தை மாதிரி மரியாதையாகக் கூப்பிடுகிற மலாய்ச் சொல்), துண்டுத் துணியைக் காயின் பெர்ச்சா என்பார். அதில் அவர் தைத்த போர்வையைத் தன் மகளின் கல்யாணத்துக்கே கொடுத்தார். ஒட்டுப்போர்வை தைக்க எனக்குக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டிக்கொண்டு, கால் அங்குலம் பிடித்துத் தைத்தால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். அகலத்துக்குப் 12, நீளத்துக்கு 16, ஆக மொத்தம் 192 துண்டு, ஒற்றைக் கட்டிலுக்குப் போதும். பஞ்சு வைக்க வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடித்துவிடும், நடுவில் ஒரு பழைய கைலியே போதும்.

தொடங்குகிறவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். காட்டனையும் பாலியெஸ்டரையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள், துவைத்ததும் ஒன்று சுருங்கும், இன்னொன்று அப்படியே நிற்கும், போர்வை முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும். எது எது என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணி மாதிரி நிற்கும். புதுக் காட்டனை வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை துவைத்துவிடுங்கள். சிவப்பு பாத்தேக்கை (மெழுகு வைத்துச் சாயம் போட்ட துணி) தனியாக, தண்ணீர் தெளிகிறவரை. ஜீன்ஸ் தைக்கும்போது மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள், 14 ஒடிந்து கண்ணருகே தெறித்து நான் ஒருமுறை பயந்துபோனேன்.

வெட்டுத் துணி கிடைக்காதவர்கள் பழைய உடுப்பு விற்கிற பண்டல் கடைக்குப் போகலாம். பெரிய சைஸ் ஆண்கள் சட்டைதான் லாபம், முதுகுப் பக்கத்தில் தையலே இல்லாமல் அகலமாகத் துணி கிடைக்கும், பட்டன்களும் மிச்சம்.

உங்கள் பெண்கள் பக்கத்தில் சமையலும் கோலமும் வருகிற மாதிரி வாரம் கால் பக்கம் தையலுக்கு ஒதுக்கினால், என்னைப் போல ஊர் ஊராக எத்தனையோ அம்மாக்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுவார்கள். ஜிப் மாற்றுவது, கால்சட்டை மடிப்பை அவிழ்த்து நீளமாக்குவது, தேய்ந்த காலரைத் திருப்பித் தைப்பது, இதெல்லாம் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாத இளம் பெண்களுக்கும் பையன்களுக்கும் அது போய்ச் சேரும்.

அப்புறம், இதை வாசிக்கிற தையல் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தீபாவளிக்குக் காட்டன் மிச்சத்தை மட்டும் தனிப் பையில் போட்டு, கடை வாசலில் 'துணி' என்று எழுதி வைத்துவிடுங்கள். அந்தத் தையல் கடைக்காரர் இப்போதே அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போய்த் தூக்கிக்கொண்டு வருகிறேன், கூடவே இன்னும் இரண்டு பேர் வர ஆரம்பித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேரா.