ஒரே நாளில் பல் கட்டலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஒரே நாளில் நிலையான பல்' என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலையான பல்லைத் தாங்கத் தாடையில் பதிக்கும் டைட்டானியம் திருகோடு (இம்ப்ளான்ட்) எலும்பு ஒட்டி வளர, கீழ்த்தாடையில் சுமார் 3 மாதமும் மேல்தாடையில் 4 முதல் 6 மாதமும் பிடிக்கும். திருகு இறுக்கமாக நின்றால் அன்றே தற்காலிகப் பல் வைக்கலாம். அதில் முறுக்கைக் கடித்தால் திருகு நூலளவு அசையும். எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து, கடைசியில் திருகே ஆடத் தொடங்கும்.

கீழ்க் கடைவாயில் ஸ்கேன் எடுக்காமல் துளையிட விடாதீர்கள். தாடைக்குள் ஓடும் நரம்புக்கு மேலே 2 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லையேல் உதடு மரத்துப்போகலாம். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் திருகு தோற்கும் வாய்ப்பு அதிகம்.

திருகு இல்லாமல், பக்கத்துப் பற்களின் மேல் தாங்கவைத்துக் கட்டும் பிரிட்ஜ் சில வாரங்களில் முடியும். ஆனால் இருபக்கத்து நல்ல பற்களையும் அரைக்க வேண்டும். அவற்றுக்கு ஏற்கெனவே கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) தேவையென்றால் பிரிட்ஜே மேல் என்பது எங்கள் கருத்து.

கழற்றி மாட்டும் பல்செட்டை இளப்பமாக நினைக்க வேண்டாம். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் பட்டால் அக்ரிலிக் வளைந்து, மறுநாள் ஈறில் புண்ணாகும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்கள் இருவர், திருச்சி