கிரீன்ஸ்டெட் மர ஆலயம்: தமிழ்க் கையேட்டுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், சிப்பிங் ஆங்கர் என்ற சிற்றூருக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைலில் கிரீன்ஸ்டெட் புனித அந்திரேயா ஆலயம் இருக்கிறது. அதைப் பார்க்க வரும் தமிழர்களுக்காக நாங்கள் தொகுத்த கையேடு அச்சாகிவிட்டது. அதிலுள்ள செய்திகளில் பெரும்பகுதி நீங்கள் சொல்லிக் கொடுத்தது. எதை யாரிடம் பெற்றோம் என்பதை எல்லாரும் அறியச் சொல்வதே முறை.

முதல் நன்றி, மர வளையக் கணக்கைப் பொறுமையாக விளக்கிய ஆய்வாளருக்கு. ஆலய நடுக்கூடத்தின் சுவர், நெருக்கி நிறுத்திய 51 ஓக் மரத்துண்டுகளால் ஆனது. பழைய நூல்கள் பலவும் இதன் காலத்தை 845 என்று எழுதின. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் இடும்; 1995இல் அந்த வளையங்களை எண்ணிச் செய்த ஆய்வு, சுவர் அதைவிட இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது என்று காட்டியது. மரங்களில் எஞ்சியிருந்த கடைசி வளையம் 1053ஆம் ஆண்டுக்குரியது. அதை வைத்து 1053இல் வெட்டினார்கள் என்று முடிவுகட்ட முடியாது. மரத்தின் கெட்டியான உள்பகுதியான வைரத்துக்கு வெளியே இருக்கும் மென்மையான பகுதி, அதாவது வெளிறுதான், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் முதலில் இரையாகும். தச்சர் செதுக்கும்போதும் முதலில் போவது அதுவே. இங்கிலாந்து ஓக்கின் வெளிறுக்கு 10 முதல் 55 வளையம் வரை கணக்கு வைக்கிறார்கள். அதைக் கூட்டினால் மரம் வெட்டிய காலம் 1063க்கும் 1108க்கும் இடையில் விழுகிறது. கையேட்டில் ஒற்றை ஆண்டு போடாமல் இந்த இடைவெளியைப் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதே கணக்கு, புனிதராகப் போற்றப்படும் பழைய கிழக்கு ஆங்கிலியா அரசர் எட்மண்டின் கதையையும் தெளிவாக்கியது. 1013இல் அவருடைய உடலை லண்டனிலிருந்து பரி செயின்ட் எட்மண்ட்ஸுக்கு எடுத்துப் போனவர்கள், வழியில் இங்கே இறக்கி வைத்தார்கள் என்பது மரபு. இன்று நிற்கும் சுவர் அப்போது இல்லை. ஆனால் 1960இல் பலிபீடப் பகுதியின் தரைக்கடியில் தோண்டியபோது, இதற்கு முந்தைய இரண்டு மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது. ஆகவே “இந்த இடமாக இருக்கலாம், இந்தச் சுவராக இருக்க முடியாது” என்று எழுதியிருக்கிறோம்.

அடுத்து, பழைய மரவேலையைப் பழுதுபார்க்கும் தச்சர் ஐயாவுக்கு நன்றி. கையேட்டின் நீளமான பகுதி அவர் தந்தது. எங்கள் பார்வையில் சிறந்த பகுதியும் அதுவே. ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே ஆப்படித்துப் பிளப்பார்கள். காய்ந்துவிட்டால் உளி ஏறாது. பிளவு நாரின் போக்கிலேயே ஓடுவதால் நார் அறுபடாது, மழைநீர் மரத்துக்குள் எளிதில் இறங்காது. வளைந்த பக்கம் வெளியே, தட்டையான பக்கம் உள்ளே. உள்பக்கத்தில் வாய்ச்சியால் செதுக்கிய தடம் இன்றும் தெரிகிறது. பச்சை மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், துண்டுகளுக்கு இடையே சந்து விழும். அதற்காகத்தான் ஓரங்களில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, ஒல்லியான ஓக் பட்டியைச் செருகியிருக்கிறார்கள். சந்து விரிந்தாலும் பட்டி காடிக்குள்ளேயே நிற்கும், காற்று புகாது.

இந்தச் சுவரின் பலவீனம் அடிப்பகுதி. மரத்தின் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை இளக்கிய ஓக்கைத் தேடி வண்டு வரும். அதன் புழு பல ஆண்டுகள் மரத்துக்குள்ளேயே தின்றுகொண்டிருந்துவிட்டு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் துளை போட்டு வண்டாக வெளியேறும். ஆகவே துளையைக் கண்டதும் மருந்தடிப்பதைவிட, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 1848இல் நடந்த பழுதுபார்ப்பில் மக்கிய அடிகளை மட்டும் அறுத்தெடுத்து, மேல்பகுதியைச் செங்கல் அடித்தளத்தின் மேல் நிறுத்தினார்கள். அன்று முழுச்சுவரையும் மாற்றியிருந்தால் வாய்ச்சித் தடமும் போயிருக்கும், 1995இல் எண்ண வளையமும் இருந்திருக்காது. ஓக்கில் சாதாரண இரும்பு ஆணி கூடாது, மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துக் கருநீலக் கறை விடும் என்ற குறிப்பும் தச்சர் ஐயா சொன்னதே.

சுண்ணாம்பு வேலை செய்யும் கொத்தனார் அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பலிபீடப் பகுதி 1500ஐ ஒட்டிய செங்கல் கட்டு. கீழே அதைவிடப் பழைய நார்மன் காலச் சக்கிமுக்கிக் கல் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்ட மென்மையான செங்கற்களுக்கு இடையிலான இணைப்பில் சிமென்ட் பூசினால், உள்ளே போன ஈரம் அந்த இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வரும். உறைபனியில் செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். அவர் சொன்ன முறை: இணைப்பின் அகலத்தைப்போல இரு மடங்கு ஆழத்துக்குக் கையால் சுரண்டி, தூசி நீக்கி, நனைத்து, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்கும் கூர்மணல் மூன்று பங்கும் சேர்த்த சாந்தை அழுத்தி அடைக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போட்டுச் சில நாள் காக்க வேண்டும். வெப்பம் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கோபுரத்தைக் காட்டிய ஆலயப் பொறுப்பாளர்களுக்கு நன்றி. மணியில் வில்லியம் லேண்ட் என்ற வார்ப்பாளர் பெயரும் 1618 என்ற ஆண்டும் உள்ளன. மணியின் வயது கோபுரத்தின் வயதாகிவிடாது என்று அவர்களே எச்சரித்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில் கட்டடத்தைத் தொடும் மாற்றங்களுக்குப் பொதுவாக மறைமாவட்ட அனுமதி வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியானவர் முழுக்கட்டடத்தையும் பார்வையிட வேண்டும் என்ற விதிகளையும் விளக்கினார்கள்.

திருமணப் பதிவுச் செய்தியைத் தேடித் தந்த ஆவணக் காப்பக ஊழியர்களுக்கும் நன்றி. தொழிற்சங்கம் தொடங்கியதற்காக 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டால்பட்டல் என்ற இங்கிலாந்துச் சிற்றூரின் கூலித் தொழிலாளர்களில் சிலர், மன்னிப்புப் பெற்றுத் திரும்பி இந்தச் சுற்றுவட்டாரத்தில் பயிர் செய்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் பிரைன், தோழர் தாமஸ் ஸ்டேன்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839இல் இந்த ஆலயத்தில்தான் மணந்தார்.

எழுத்துப்பிழை திருத்தியவர்களுக்கும், படம் வரைந்த தம்பிக்கும் எங்கள் அன்பு. கையேட்டுடன் ஆலயத்துக்குப் போகிறவர்கள் முதலில் வெளியே நின்று மரத்தின் அடியும் செங்கல்லும் சேரும் இடத்தைப் பாருங்கள்; பிறகு உள்ளே போய் வாய்ச்சித் தடத்தைப் பாருங்கள். சுவரில் சாய வேண்டாம், விரலால் தடவவும் வேண்டாம். திருத்தம் ஏதும் தோன்றினால் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம்.

நன்றியுடன்,
கையேட்டுத் தொகுப்புக் குழுவினர்