குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், டிபன் எப்போது என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. இரண்டு மாதம் கோரம் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். நான்காவது தெரு விளக்குகள் எரிகின்றன. மழைநீர்க் கால்வாய்க்கு மூன்றாவது முறையாக மனு கொடுத்திருக்கிறோம். பொங்கல் விளையாட்டுப் போட்டி நன்றாக நடந்தது. உறியடியில் உடைந்தது பானை மட்டும்தான். சந்தா பாக்கி விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிக நேரத்தையும் அதிகத் திட்டையும் வாங்கித் தந்தது சுகாதாரச் செய்திக் குழுதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்னைத் தாம்பரம் பக்கம் முடிச்சூர் சாலையை ஒட்டிய நம் பகுதிக்கு மழை என்றாலே 2015 வெள்ளம் நினைவுக்கு வரும். வெள்ளம் வராத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்துவிடுகிறது. அதனால் சென்ற செப்டம்பரில் டெங்கு பற்றி நானே ஒரு செய்தி எழுதி நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 22 வரி. ஏடிஸ் எஜிப்டி என்ற கொசுவின் பெயர், அதன் வாழ்க்கைச் சுழற்சி, அறிகுறிகள், அரசு உதவி எண்கள் என எல்லாம் இருந்தது. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் தலைவர். இன்னொருவர் என் மனைவி.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பு வேலை செய்யும் நம் இளைய உறுப்பினர் ஒருவர், "இதை யாருக்காக எழுதினீங்க அங்கிள்?" என்று கேட்டார். எல்லோருக்கும்தான் என்றேன். "எல்லோரும்னு ஒரு ஆள் நம்ம நகர்ல இல்லையே" என்றார். அப்புறம் பெர்சோனா என்ற முறையை விளக்கினார். ஆலன் கூப்பர் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் 1990களில் பரவலாக்கியதாம். பயன்படுத்தப் போகிறவர்களில் ஒத்த பழக்கமும் ஒத்த சிக்கலும் உள்ள பலரைக் கவனித்து, அவர்களுக்குப் பதிலாக ஒரு கற்பனை ஆளை எழுதிக்கொள்வது. அப்புறம் எது செய்தாலும் அந்த ஆளுக்கு இது உதவுமா என்று பார்ப்பது.

சரி, இதில் என்ன கஷ்டம் என்று அன்றைக்கே உட்கார்ந்து ஆறு பேரை எழுதினோம். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "ஆறும் நீங்களேதான்" என்றார். உண்மைதான். ஆறு பேரும் காலையில் பேப்பர் படித்தார்கள், நடைப்பயிற்சி போனார்கள், நீளமான செய்தியைப் பொறுமையாக வாசித்தார்கள். ஐந்து பேருக்குப் பென்ஷன் வந்தது.

ஆகவே தெருவில் இறங்கிக் கேட்டோம். தண்ணீர் கேன் இறக்கும் இடம், இட்லிக்கடை, பள்ளி வேன் நிற்கும் முனை, நகரின் கடைசியில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி ஆகிய இடங்களில் போய் நின்றோம். டெங்கு பற்றி என்ன தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். கடைசியாக வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தது, அன்றைக்கு முதலில் யாருக்குப் போன் செய்தீர்கள், போன் யார் கையில் இருக்கும் என்று மட்டும் கேட்டோம்.

கடைசிக் கேள்விதான் எங்கள் கண்ணைத் திறந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர் வீட்டில் போன் மகனுடையது. மகன் பகலில் வேலையில் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையோடு வருபவரைக் கதவு திறந்து பார்ப்பது மருமகள். அவர் நம் குழுவிலேயே இல்லை. இன்னொரு வீட்டில் அம்மாவின் போன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பையனின் விளையாட்டுக்குப் போய்விடுகிறது. நாம் செய்தி போடுவதோ இரவு எட்டு மணிக்கு.

இப்படி ஐந்து பேர் உருவானார்கள். மாடிவீட்டுத் தாத்தா, வேன் முனை அக்கா, நைட் ஷிப்ட் தம்பி, சென்ட்ரிங் வேலைத் தம்பி, ஃபார்வர்டு மாமா. ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம்தான். நாள் எப்படிப் போகிறது, போன் எப்போது கையில் இருக்கும், உடம்பு சரியில்லை என்றால் யார் சொல்வதை நம்புவார், எதற்குப் பயப்படுவார்.

வேன் முனை அக்காவுக்காக என் 22 வரியைக் கிழித்துப் போட்டோம். அதற்குப் பதில் இருபது நொடிக் குரல் பதிவு, ஞாயிறு காலை: "ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கும், இன்னிக்கு அதை இழுத்துப் பாருங்க. தண்ணிய கொட்டினா மட்டும் போதாது, தேய்ச்சுக் கழுவுங்க." கொசுவின் முட்டை, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் காய்ந்தாலும் சாகாது என்பதால்தான் தேய்ப்பது. முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை. இந்தக் காரணங்களைக் கேட்டவர்களுக்கு மட்டும் தனியாகச் சொன்னோம். அடுத்த பதிவில் ஒரே விஷயம்: காய்ச்சல் விட்டதும் பிள்ளையை அவசரப்பட்டுப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் சூடு இறங்கும்போதுதான் தொடங்குகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனை. அதுவரை பாராசிட்டமால்தான், ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். இந்தப் பதிவைப் பல அம்மாக்கள் தங்கள் வேன் குழுக்களில் போட்டதாகக் கேள்விப்பட்டேன். குரல் என் மனைவியுடையது. என் குரலைக் கேட்டால் சந்தா கேட்பது போல இருக்கிறதாம்.

நைட் ஷிப்ட் தம்பியால் ரத்த அழுத்த முகாம் பிழைத்தது. முதல் முகாமைக் காலை பத்து மணிக்கு வைத்து, போட்ட நாற்காலிகளை அப்படியே மடித்து எடுத்துப் போனோம். அந்த நேரம் தம்பி தூங்கிக்கொண்டிருப்பார் என்று தாளில் பார்த்தபின், இரண்டாவதை மாலை ஆறரைக்கு மாற்றினோம். வரிசை நின்றது. அன்று மழை இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார் பொருளாளர்.

ஃபார்வர்டு மாமாவோடு இத்தனை நாள் சண்டை போட்டோம். பப்பாளி இலைச் சாறு முதல் எல்லாவற்றையும் அனுப்புபவர் அவர். அடிக்கடி பகிரப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப்பே கட்டுப்படுத்தியது; மாமா பொறுமையாக ஒவ்வொன்றாக அனுப்புகிறார். அவருக்கு வேண்டியது முதலில் சொன்னவர் என்ற பெயர். இப்போது நம் பதிவுகள் குழுவில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்த ரகத்தைச் சேர்ந்த சிலருக்குப் போய்விடுகின்றன. இது சரியா என்று செயற்குழுவில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. என் கட்சி மாமா கட்சி.

இரண்டு தவறுகளையும் பதிவு செய்ய வேண்டும். சென்ட்ரிங் வேலைத் தம்பிக்கு இந்தியில் பெரிய படம் தயாரித்து, மூடாத தண்ணீர் டிரம்முக்கு மேலேயே ஒட்டினோம். அங்கே இருந்தவர்கள் ஒடிசாக்காரர்கள்; பேசுவது ஒடியா. வடக்கு என்றால் இந்தி என்று நாங்களாக எழுதிக்கொண்டது. ஒடியாவும் தமிழும் தெரிந்த மேஸ்திரி சொல்லிக்கொடுக்க, அவர்களில் ஒரு தம்பி தன் போனிலேயே பேசிப் பதிவு செய்தார். அதை மேஸ்திரியிடம் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் அனுப்பினோம். டிரம்முக்கு மூடி வாங்கியது சங்கச் செலவு. படம் அடித்த செலவும் வீண் செலவாகக் கணக்கில் இருக்கிறது.

இரண்டாவது பெரிய தவறு. மாடிவீட்டுத் தாத்தா பற்றிய தாளில், ஒளித்து வைத்து மைசூர்பாகு சாப்பிடுவார் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்தத் தாள் வெளியே போய்விட்டது. ஒரு பெரியவர், இது தன்னைத்தான் குறிக்கிறது என்று மிகவும் வருத்தப்பட்டார். அவர் நினைத்தது தவறில்லை. அந்த வரி அவர் எங்களிடம் நம்பிச் சொன்னதுதான். தலைவரும் நானும் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். காபி கொடுத்தார், சர்க்கரை இல்லாமல். அதன்பின் தீர்மானம் போட்டோம்: மூன்று பேராவது சொல்லாத விஷயம் எந்தத் தாளிலும் ஏறாது, தாள்கள் செயற்குழுவைத் தாண்டிப் போகாது, யாருடைய நோயும் குழுவில் பேசப்படாது.

ஐந்து தாள்களும் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எழுதியவை. அந்த அடுக்குமாடி முடிந்து தம்பிகள் போய்விட்டார்கள். குடிவந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்கு முகமே தெரியாது. ஆடி முடிவதற்குள் மறுபடி தெருவில் நின்று கேட்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் தரக்கூடிய நான்கு பேர் தேவை, அதில் இருவராவது நாற்பது வயதுக்குக் கீழே. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டு, பொருளாளரை அழைக்கிறேன்.

செயலாளர்