மூத்தோர் துறை: மாணவர்களுடன் ஒரு சந்திப்பு

எல்லாருக்கும் வணக்கம். சமூகப்பணி படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் சிறுவர், இளையர் பக்கமே போகிறார்கள். மூத்தோருடன் வேலை என்றால் பிங்கோ விளையாட்டு நடத்துவது என்று நினைப்பு! (பிங்கோவும் உண்டுதான்.) முதுமை மறதி, தனிமை, பராமரிப்பவரின் சோர்வு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஏற்பாடு எல்லாம் இதில் அடங்கும். 2030இல் சிங்கப்பூரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு 65 வயதோ அதற்கு மேலோ இருக்கும். தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேசும் தாத்தா பாட்டிகளுக்கு யார் இருக்கிறார்கள்?

சனிக்கிழமை, 14 மார்ச் 2026, மாலை 4 மணி. தோ பாயோ பொது நூலக வாசலில் கூடி, பக்கத்துக் காப்பிக்கடைக்குப் போகலாம்.

1. இத்துறையில் இருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். பத்து நிமிடப் பேச்சு போதும், ஸ்லைடு வேண்டாம்.
2. சம்பளம், வேலைப்பளு பற்றிக் கேட்பார்கள். மழுப்பாமல் சொல்லுங்கள்.
3. உங்கள் தாதிமை இல்லத்திலோ மூத்தோர் நிலையத்திலோ வேலைப்பயிற்சிக்கு இடம் உண்டா என்று மேலாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மாணவர்களுக்கு இதுதான் முக்கியம்.
4. அனுபவம் சொல்லும்போது முதியவர்களின் பெயர், விவரம் வேண்டாம்.
5. மாணவர்கள் எந்த ஆண்டு என்றாலும் சரி, நண்பர்களையும் அழைத்து வரலாம்.

வருகிறவர்கள் 8 மார்ச் ஞாயிறு இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று இங்கே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.