கவுனோடு வரும் கடிதம்

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு, இயேசுகிறிஸ்துவின் இனிய நாமத்தில் அம்மா எழுதுவது.

இந்த வரியை உனக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன்! நீ ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் வாரம் ஒரு கடிதம். எழுதி முடிப்பதற்குள் கை அடுத்த வரிக்குப் போய்விடும். இன்றைக்குத்தான் பேனாவை மூடி வைத்துவிட்டு, 'நாமத்தில்' என்று நானே எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கிணற்றடி முருங்கை காற்றில் ஒடிந்துவிட்டது. பிள்ளைக்கு ராத்திரி ஏசி போடாதே. ஏழு மாசப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும்.

பார்சலில் கருப்பட்டி இரண்டு கிலோ, சுக்கு, சுட்டு உரசிக் கொடுக்க வசம்பு எல்லாம் இருக்கிறது. அடியில் வெள்ளைத் துணியில் சுற்றியிருப்பது நம் வீட்டு ஞானஸ்நானக் கவுன். அண்ணனுக்கும் உனக்கும் அவன் பிள்ளைகள் இரண்டுக்கும் போட்டது. கழுத்தில் இருக்கிற லேஸ் ஆச்சி பின்னியது. கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மா இடையன்குடிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை, கைமாறிக் கைமாறி ஆச்சி வரைக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. அந்துருண்டை வாசம் போக இரண்டு நாள் நிழலில் காயப்போட்டுத்தான் அனுப்புகிறேன்.

பிள்ளையின் மார்பளவு என்ன என்று மூன்று தடவை கேட்டேன். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. வேலை இருந்திருக்கும். நம் சபை ஐயர் ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். கோயில் வாசலில் நின்று பொய் சொல்கிறோமே என்றும் இருந்தது.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் ஆராதனையில் நாலாவது வரிசையில் என் பக்கத்தில்தானே நின்றாய்? சங்கீதம் முடிந்து 'பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக' என்று சபை முழுக்கச் சொன்னபோது நீ பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தாய். குல்லா சரியாகத்தான் இருந்தது. உன் வாய் மூடியிருந்தது.

பெங்களூரில் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால் 'வீட்டுக்குப் பக்கத்தில்தான்மா' என்கிறாய். மாப்பிள்ளை போனில் ஜெபம் பண்ணும்போது 'இயேசு அப்பா' என்றே தொடங்கி 'இயேசு அப்பா' என்றே முடிக்கிறார். பிள்ளையைத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கிற பிரதிஷ்டை மட்டும் போதும், பெரியவனானதும் அவனாக முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் உன் அண்ணனிடம் சொன்னது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? நீயும் முழுகிவிட்டாயா என்று நான் கேட்கமாட்டேன்.

தவக்காலம் முழுக்க நான் உட்கார்ந்து வாசித்தேன். யாருக்காகவும் இல்லை, எனக்காகத்தான். பென்சிலோடு அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்தேன். இரண்டாம் அதிகாரத்தில் பேதுரு 'இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்' என்கிறார். எட்டு, பத்து, பத்தொன்பது, இந்த மூன்று அதிகாரங்களிலும் கர்த்தருடைய நாமம், இயேசுவின் நாமம்தான். நாலு இடத்திலும் கோடு போட்டேன். மறைப்பானேன், 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே' என்று அப்போஸ்தலர்கள் சொல்லிக் கொடுத்ததாக அந்தப் புத்தகத்தில் ஓர் இடம்கூட இல்லை. அப்படிக் கொடுக்கச் சொன்னவர் ஆண்டவரே, மத்தேயு கடைசி அதிகாரத்தில். அதிலும் 'நாமத்திலே' என்று ஒருமையில் இருக்கிறது, 'நாமங்களிலே' என்று இல்லை. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவள் அதைக் கவனித்ததில்லை. அந்த ஒரே நாமம் இயேசு என்பதுதான் என்று உங்கள் ஆட்கள் சொல்வார்களாமே. மூன்று பேராக இருந்தும் தேவன் ஒருவரே என்கிற திரித்துவத்துக்குத்தான் ஒருமை என்று நம் ஐயர் சொல்கிறார். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, நான் என்ன செய்ய?

ஐயரிடம் 'ஒரு தெரிந்த பிள்ளைக்காக' என்று சொல்லித்தான் கேட்டேன். அவருக்குப் புரிந்திருக்கும். 1913இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே முகாம் கூட்டமாம். அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தான் கொடுத்தார்கள் என்று ஒரு பிரசங்கியார் போகிற போக்கில் சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வருஷம் ஃபிராங்க் எவார்ட், கிளென் குக் என்ற இரண்டு போதகர்கள் ஒருவருக்கொருவர் திரும்ப ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். 1916இல் செயின்ட் லூயிஸில் கூடிய அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையின் மாநாடு திரித்துவம்தான் என்று முடிவுகட்ட, 156 ஊழியர்கள் வெளியே போய்விட்டார்கள். பிதா, குமாரன், ஆவி எல்லாம் ஒரே ஆள்தான் என்கிற இதே பேச்சு மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரியிலும் இருந்ததாம், சபேல்லியு என்று ஒருவர். அப்புறம் விசுவாசப் பிரமாணத்தை வகுத்த திருச்சபைச் சங்கங்கள், 325இல் நிசேயா, 381இல் கான்ஸ்டாண்டிநோபிள்.

நூறு வருஷச் சங்கதிதானே என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், நம் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் மட்டும் என்ன, 1826தானே. அதன் பேரே பரிசுத்த திரித்துவக் கோயில். அந்தக் கோயிலுக்குக் காரணமான இரேனியஸ் ஐயரே 1835இல் தம்மை அனுப்பிய மிஷனெரி சங்கத்தோடு ஒத்துப்போக முடியாமல் விலகினவர். பிரிகிறவர்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது போல.

ஒன்று யோவான் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தைப் பெரிய ஆயுதமாக வைத்திருந்தேன். 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்', நினைவிருக்கிறதா, உன் வேதப் பரீட்சையில் வந்தது. அது பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, அதை வைத்து வாதாடாதீர்கள் டீச்சர் என்று ஐயர் சொல்லிவிட்டார். என் கையில் இருந்ததும் போச்சு.

ஆனால் ஒன்றை மட்டும் விட மாட்டேன். ஒரே மனுஷன் ஒருத்தருக்கு மகன், ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்கு அப்பா, தேவனும் அப்படித்தான் என்று மாப்பிள்ளை அண்ணனிடம் சொன்னாராம். சரி. உன் அப்பா தாத்தாவிடம் பேசும்போது தன்னோடு தானே பேசிக்கொள்ளவில்லையே? கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து 'என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே' என்று இயேசு யாரிடம் சொன்னார்? மனுஷத்தன்மை தேவத்தன்மையிடம் பேசியது என்று பதில் வைத்திருப்பீர்கள். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு என்னால் அழ முடியவில்லை பாப்பா. பெரிய வெள்ளிக்கிழமை எனக்கு அங்கே இரண்டு பேர் வேண்டும், ஒப்புக்கொடுக்க ஒருவர், கேட்டுக்கொண்டிருக்க ஒருவர்.

இயேசு தேவன் என்பதில் உனக்கும் எனக்கும் என்ன சண்டை? 'என் ஆண்டவரே! என் தேவனே!' என்று தோமா சொன்னதை ஞாயிறு பள்ளியில் உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? திருமண்டலப் பரீட்சையில் நீ இரண்டாவது வந்தபோது கோயிலில் பேர் வாசித்தார்கள். அன்றைக்கு நான் நடந்த நடையை இன்றைக்கும் அப்பா கேலி செய்வார்.

இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. தண்ணீர், ஐஸ், ஆவி என்று நான் கரும்பலகையில் படம் போட்டுத்தானே திரித்துவம் நடத்துவேன்? அது திரித்துவமே இல்லையாம். ஒன்றே மூன்று வேஷம் போடுகிறது என்கிற உங்கள் கட்சிக்குத்தான் அது பொருந்துமாம். இத்தனை வருஷமும் நான்தான் உன்னைத் தயார்பண்ணியிருக்கிறேன் போலிருக்கிறது. ஒன்பது வயசில் நீ எழுந்து 'ஐஸ் ஆன பிறகு தண்ணீர் இருக்காதே டீச்சர், அப்போ இயேசு ஜெபம் பண்ணினதை யார் கேட்டா?' என்றாய். நான் பதில் சொல்லவில்லை. தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

அந்தக் கேள்விக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் நீ இல்லை. சின்ன மாமா.

அவன் காய்ச்சலில் போனான் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே தாமிரபரணியில் இயேசு நாமத்தில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு வந்து நம் திண்ணையில் உட்கார்ந்தான். "பேர் ஒண்ணுதாங்க்கா" என்றான். முகம் அப்படி ஒரு தெளிவாக இருந்தது. நான் துண்டுகூட எடுத்துக் கொடுக்கவில்லை. தரையெல்லாம் ஈரம் பண்ணாதே என்றேன்.

அவன் செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு ஆச்சி, சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்கு ஆள் அனுப்பினாள். மறுஞானஸ்நானம் எடுத்தவனுக்கு இடம் இல்லை என்று தீர்மானம் ஆயிற்று. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன். உடன்பிறந்தவள், நீ எழுந்து போய்விடு என்று ஒருவர் சொன்னார். போயிருக்கலாம். போகவில்லை. பாரபட்சம் பார்க்கிறாள் என்று சொல்லிவிடுவார்களோ என்று உட்கார்ந்திருந்தேன். உன் கையெழுத்து நன்றாக இருக்குமே என்று மினிட் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்கள். நான்தான் எழுதினேன். அழகாகவே எழுதினேன், ஒரு அடித்தல்கூட இல்லை.

ஆற்றங்கரைப் பொதுச் சுடுகாட்டில் ஓர் ஓரமாகப் புதைத்தார்கள். ஆச்சி அதன் பிறகு என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம் வயசாகிவிட்டது, மறந்துபோகிறாள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் எதையும் மறக்கவில்லை.

போன வாரம் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். உடைமுள் மண்டிக் கிடக்கிறது. எது அவன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பொதுவாக நின்று ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். எந்த நாமத்தில் முடிப்பது என்று யோசித்து, அவன் சொன்னபடியே முடித்தேன்.

பிரதிஷ்டைக்கும் பிள்ளைக்கு வெள்ளைதான் போடுவார்களாமே? அப்படியானால் கவுன் உதவும். தேதியை மட்டும் சொல். ரயிலில் கீழ் பெர்த் கிடைக்க வேண்டுமானால் முன்னாலேயே போட வேண்டும், அப்பாவுக்கு முட்டு மடங்காது. எங்களைப் பின் வரிசையில் உட்காரச் சொன்னாலும் சரி. நான் வாய்க்குள் 'பிதாவுக்கும் குமாரனுக்கும்' சொல்லிக்கொள்வேன், அதை யாரும் பார்க்க வேண்டாம்.

கவுனில் கழுத்துக்குப் பின்னால் மேல் பட்டன் தளர்ந்திருக்கிறது, நூல் போட்டு இறுக்கிக்கொள். லேஸை மெஷினில் போட்டுவிடாதே, சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கையால் அலசு. ராத்திரி ஏசி வேண்டாம்.

அம்மா