தம்பிக்கு, மனு விஷயமாக

தம்பி,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாடியில் ஒழுகின இடத்தைப் பூசியாகிவிட்டது, இங்கே வேறு விசேஷம் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீ மாநகராட்சிக்கு அனுப்பிய மனுவின் போட்டோவை உன் தங்கை காட்டினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். படித்ததும் பெருமையாகத்தான் இருந்தது. கட்டி முடித்த மழைநீர் வடிகால் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை என்று தெருவே திட்டிவிட்டு வீட்டுக்குள் போகிறது, நீ ஒருவன் பேப்பரும் பேனாவும் எடுத்திருக்கிறாய். ஆனால் இத்தனை வருடம் நகராட்சியில் கோப்பு கட்டிய அம்மா இங்கே இருக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

"வடிகால் ஏன் தரமாகக் கட்டப்படவில்லை, இதற்கு யார் பொறுப்பு" என்று எழுதியிருக்கிறாய். தகவல் சட்டத்தில் 'ஏன்' என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கிற ஆவணத்தைத்தான் அவர்கள் கொடுத்தாக வேண்டும், உனக்காகப் புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சொல்லிவிட்டது. இந்த மாதிரி மனு வந்தால் பிரிவு எழுத்தருக்குப் பத்து நிமிட வேலை. 'கேட்கப்பட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒரு வரி தட்டி, பொதுத் தகவல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். உனக்கும் அப்படித்தான் வரும் பார்.

ஆவணத்தைக் கேள். தெருவின் பெயரை அவர்கள் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது, வார்டு எண், எந்த நிதியாண்டு, இவ்வளவும் போடு. அந்த வேலையின் மதிப்பீடு, டெண்டர் அறிவிப்பு, பணி ஆணை, எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில், பணி முடிந்ததாகக் கொடுத்த சான்று, கட்டியதில் குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம் எதுவரை என்று சொல்லும் ஒப்பந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் 'சான்றிட்ட நகல்' என்று எழுது. ந.க. எண், அதாவது அலுவலகம் அந்தக் கோப்புக்குப் போட்டிருக்கிற எண், தெரிந்தால் போதும், அதைவிட வேறொன்றும் வேண்டாம். எண் போட்டுக் கேட்ட மனுவுக்கு 'கோப்பு கிடைக்கவில்லை' என்று சொல்ல யாருக்கும் கை வராது. சீக்கிரம் கேட்பதும் முக்கியம். கோப்பை மூடும்போது எத்தனை காலம் வைத்திருப்பது என்று ஒரு குறி போடுவார்கள்; எல்.டிஸ் போட்டு மூடிய கோப்பு ஒரு வருடத்தில் போய்விடும், கே.டிஸ் என்றால் மூன்று வருடம்.

எம்.புக்கை மட்டும் விட்டுவிடாதே. பொறியாளர் நேரில் அளந்து, நீளம் அகலம் ஆழம் எழுதி, கையெழுத்துப் போடுகிற புத்தகம் அது. அதை வைத்துத்தான் பில்லே போடுவார்கள். அந்தப் பக்கம் கையில் வந்தால் நீயே தெருவில் டேப் பிடித்து அளந்துவிடலாம், யாரிடமும் 'ஏன்' என்று கேட்க வேண்டியதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் எந்த மனுவுக்கும் அசையாத பொறியியல் பிரிவு, எம்.புக் கேட்டு மனு வந்தால் மட்டும் ரெக்கார்ட் ரூமுக்கே இறங்கி வரும்.

இதை எழுதும்போதே எனக்குக் கை நிற்கிறது. உனக்குச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டும், நீ இந்த மனுவைப் போடாமல் இருந்தால் தேவலை என்றும் இருக்கிறது.

சரி, முறையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிரிவு 6(1)-ன் கீழ் மனு, பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பின் அடிக்காமல் பசை போட்டு ஒட்டு. எதற்காகக் கேட்கிறாய் என்று யாரும் உன்னைக் கேட்கக் கூடாது, 6(2) அதைத்தான் சொல்கிறது. ஆகவே நீயாகவும் 'வடிகால் சரியில்லாததால்' என்று காரணம் எழுதாதே. எந்த அலுவலகம் என்று குழப்பமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு துறைக்கு வந்த மனு வேறொரு துறைக்குரியது என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு முப்பது நாள். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்பார்கள், ஆனால் முப்பது நாள் தாண்டிவிட்டால் 7(6)-ன்படி இலவசமாகத் தர வேண்டும், இதை மறக்காமல் எழுதிக் கேள். பதில் வராவிட்டாலும் மறுத்தாலும் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்குப் பிரிவு 19(1)-ன் கீழ் மேல்முறையீடு. அதிலும் ஒன்றும் நடக்காவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையில் தகவல் ஆணையம். தாமதத்துக்கு அலுவலர் கைக்காசிலிருந்து நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எப்போதாவதுதான் போடுகிறார்கள் என்றாலும், அந்த பயம்தான் பல கோப்புகளை வெளியே கொண்டுவந்திருக்கிறது. நகர்மன்றக் கணக்கை ஒரு சாதாரண ஆள் கேட்கலாம் என்பதே நான் வேலைக்குச் சேர்ந்தபோது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். 1997-ல் நம் மாநிலம்தான் முதலில் ஒரு தகவல் சட்டம் போட்டது, விதிவிலக்குகள் நிறைய, பெரிதாகப் பயன்படவில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் ரெக்கார்ட் ரூம் சாவிக்கே மரியாதை வந்தது.

மனு அவர்கள் கையில் சேர்ந்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வை. முப்பது நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

அப்புறம், யாராவது போன் செய்து "நேரில் வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்று சொன்னால் போகாதே. எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள் என்று சொல்லிவிடு. கோப்பைப் பார்வையிடலாம், அது உன் உரிமைதான், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அவர்கள் கடிதம் போட்டு நாளும் நேரமும் சொன்ன பிறகு, அலுவலக நேரத்தில், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போ. தனியாகப் போகாதே.

மருமகள் போன வாரம் என்னிடம் பேசும்போது, இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து உன்னை விசாரித்தார்கள், பெயர் சொல்லவில்லை, 'சாரை அமைதியா இருக்கச் சொல்லுங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்றாள். நீ அவளை என்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். அவள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண், யாரிடம்தான் சொல்வாள்? என்னிடம் ஏன் மறைத்தாய் தம்பி? நான் பயப்படுவேன் என்றா? பயப்படத்தான் செய்கிறேன். திருமயம் பக்கத்தில் கல்குவாரிகளைப் பற்றி மனு மேல் மனுவாகப் போட்ட ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி மோதி இறந்தார், கொலை வழக்கானது. அன்றைக்கு டிவியில் பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. புனே பக்கம் சதீஷ் ஷெட்டி, அகமதாபாத்தில் அமித் ஜேத்வா, இவர்களும் தகவல் மனு போட்டவர்கள்தான், இரண்டு கொலையும் 2010-ல். இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றுவதற்கென்று 2014-ல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள், அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. உன் விஷயம் ஒரு தெரு வடிகால்தான், பெரிய காசு இல்லை என்று நீ சொல்வாய். யாருக்கு எது பெரிய காசு என்று நமக்கு எப்படித் தெரியும்.

விட்டுவிடு என்று சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். சொல்ல வரவில்லை. அதனால் இப்படிச் செய். இனி எந்த மனுவிலும் வீட்டு முகவரி போடாதே. தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது, தபால் அலுவலகத்தில் பெட்டி எடு. உன் தெருவில் நாலைந்து பேரைப் பிடித்து, இதே ஆவணங்களை அவரவர் பெயரில் தனித்தனி மனுவாகப் போடச் சொல். ஒருவனிடம் மட்டும் இருக்கிற காகிதத்துக்காகத்தான் ஒருவனை மிரட்டுவார்கள், ஐந்து வீட்டில் இருந்தால் யாரை மிரட்டுவது? வாசலில் வந்து பேசியதைத் தேதி, நேரத்தோடு எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கு, எழுத்தில் கொடுத்தால்தான் பதிவு. எதிர்வீட்டில் கேமரா இருக்கிறதாமே, அந்தப் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்கி வை.

புது மனுவை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வார்டு எண்ணும் நிதியாண்டும் மட்டும் காலியாக இருக்கிறது, நிரப்பி, பெட்டி எண் வந்த பிறகு அனுப்பு. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வை என்று சொன்னேன் இல்லையா, அதையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மருமகளைப் பிரசவத்துக்கு முன்னாலேயே இங்கே கொண்டுவந்து விடு, அவள் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் போன் செய். வாசலில் வந்தவர்கள் பார்க்க எப்படி இருந்தார்கள், என்ன வண்டியில் வந்தார்கள், எல்லாவற்றையும் சொல். மறைக்காமல் சொல்.

அம்மா